பெகு வயல்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டவருக்கு நிலம் விற்கக் கூடாது என்ற பர்மியச் சட்டம் நியாயமானது என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். பர்மாவில் பெகு ஊரில் வட்டிக்கடை வைத்திருந்த என் தாத்தா, ஜப்பானியர் படையெடுத்த 1942இல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். பின்னால் நிலத்தை அரசுடைமையாக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலமும் போயிற்று. ரங்கூனில் பிறந்த தமிழரான நீங்களே இப்படி எழுதலாமா?

வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நடந்து வந்தவரின் பேரனிடம் சட்டம் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எழுதியதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

செட்டியார்கள் இங்கே நிலம் பிடிக்க வரவில்லை. ஐராவதிக் கழிமுகத்தில் காடு வெட்டி வயல் திருத்திய உழவனை வெள்ளைக்கார வங்கிகள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மாடு வாங்கவும் விதை வாங்கவும் அவனுக்குக் கிடைத்தது ரங்கூன் முகல் தெருவில் கடை வைத்திருந்த செட்டியார்களின் பணம்தான். உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் கேட்டதைவிட வட்டியும் குறைவு. 1929-30 வங்கி விசாரணைக் குழு செட்டியார்கள் போட்ட மூலதனத்தை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

பிறகு நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவனால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த வயல் வட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1937இல் 25. ஏழே ஆண்டு! கடைக்காரருக்கு அது முடங்கிப்போன முதல். உழவனோ பாட்டன் திருத்திய வயலிலேயே குத்தகைக்காரன் ஆனான். சொந்தக்காரர் கடலுக்கு அப்பால் இருந்தார். கண்ணில் பட்டவர் மூன்று வருடக் கணக்கில் வந்து போகும் ஏஜெண்டு.

அந்தக் கோபம் முதலாளிகளோடு நிற்கவில்லை. மூட்டை தூக்கியவர்கள்மீதும் குத்தகைக்கு உழுதவர்கள்மீதும் அது விழுந்தது. என் அப்பா அப்படி உழுதவர். எங்கள் வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால் பர்மியப் பணமான கியாட்டில் நூறு கியாட் நோட்டுகள் மூன்று இருக்கின்றன. நாலாக மடித்து மடித்து மடிப்பு நைந்துபோனவை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வரிசையில் போய் நிற்க அப்பா பயந்தார். இந்தியன் கையில் நூறு கியாட் ஏது என்று கேட்பார்களாம். அதற்குச் சில வாரம் முன்புதான் சின்னச் சின்னக் கடைகளைக்கூட அரசு எடுத்துக்கொண்டிருந்தது. நிலத்தையும் கடையையும் உரிய இழப்பீடு கொடுக்காமல் பறித்தது அநியாயம். இதை ரங்கூனில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பணம் வரட்டும். ஆலை வைக்கட்டும், லாபத்தை எடுத்துக்கொண்டு போகட்டும். 2017ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 35 சதவீதப் பங்கு வரை வெளிநாட்டவர் வைத்திருந்தாலும் அது உள்ளூர்க் கம்பெனிதான். முதலீட்டு அனுமதி பெற்றவருக்கு நிலம் 50 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைக்கும். பத்துப் பத்தாக இரண்டு முறை நீட்டலாம். தொழில் நடத்த இவ்வளவு போதாதா? சோறு போடும் வயலைக் கடனுக்கு ஈடாகக் கடல் தாண்ட விடக் கூடாது என்பதுதான் என் வாதம். அப்படி ஒரு சட்டம் 1930க்கு முன்பே இருந்திருந்தால் உங்கள் தாத்தாவும் பணத்தை நிலத்தில் முடக்கியிருக்க மாட்டார்.

அவர் வைத்திருந்த பத்திரம் எதிலாவது கிராமத்தின் பெயர் இருந்தால் எழுதுங்கள். பெகு எனக்குத் தூரமில்லை. அந்த வயலை இப்போது யார் உழுகிறார்கள் என்று பார்த்துவந்து எழுதுகிறேன்.