வார்ஃப்டேல் ஸ்பீக்கர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, வார்ஃப்டேல் பழைய பெரிய கம்பெனின்னு அப்பா சொல்றார். என் நண்பனோ "மலிவு டிவிடி பிளேயர்ல ஒட்டியிருந்த பேருதானே"ன்னு சிரிக்கிறான். யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேருமே சரி, தம்பி. 1932-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில், இல்க்லி ஊரில் தன் வீட்டு நிலவறையில் கில்பர்ட் பிரிக்ஸ் ஸ்பீக்கர் செய்ய ஆரம்பித்தார். வார்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்குதான் வார்ஃப்டேல். 1950களின் நடுவில் மனுஷன் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலையே வாடகைக்கு எடுத்தார். மேடையில் கலைஞர்கள் வாசிப்பார்கள், அடுத்து ஒலிப்பதிவு ஓடும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது சனங்கள். குவாட் என்ற ஆம்ப்ளிஃபயர் கம்பெனியின் பீட்டர் வாக்கர் தன் ஆம்ப்ளிஃபயரோடு கூட நின்றார். இன்றைக்கு எந்தக் கம்பெனிக்கு அந்தத் தைரியம் உண்டு? உங்கப்பா சொல்வது அந்த வார்ஃப்டேலை. பின்னாளில் பிரிட்டன் கடைகளில் இதே பெயரில் விலை குறைந்த டிவியும் டிவிடி பிளேயரும் விற்றன. உங்க நண்பர் பார்த்தது அது.

கேள்வி: சரிவு எங்கே தொடங்கியது?

பதில்: 1958-ல் ராங்க் நிறுவனத்துக்கு விற்றதில் என்று பலர் சொல்வார்கள். நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். லின்டன், டென்டன் போன்ற பேர்பெற்ற ஸ்பீக்கர் மாடல்கள் எல்லாம் ராங்க் காலத்தில் வந்தவைதான். ஆனால் வார்ஃப்டேலில் இருந்த ரேமண்ட் குக் என்ற கெட்டிக்காரர் வெளியேறி 1961-ல் கெஃப் (KEF) என்ற ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கினார். அது பெரிய இழப்பு. என் கணக்கில் பெயரைக் கெடுத்தது ஸ்பீக்கர் இல்லை, கண்டதிலெல்லாம் ஒட்டிய அந்த முத்திரைதான். 1980களின் தொடக்கத்தில் வந்த டயமண்ட் என்ற குட்டி ஸ்பீக்கர், அந்த வரிசையில் பின்னால் வந்தவை, இவைதான் மானத்தைக் காத்தன. மாணவர்கள்கூட வாங்க முடிந்த ஹைஃபை அது.

கேள்வி: இப்போ சைனா கம்பெனி தானே சார்? காசு கொடுத்து வாங்கலாமா?

பதில்: ஆமாம், ஐஏஜி குழுமம். குவாடும் அவர்களுடையதே. தயாரிப்பு பெரும்பாலும் சீனாவில், வடிவமைப்பில் பீட்டர் கோமோ போன்ற ஆங்கிலேயர்களின் கை இருந்திருக்கிறது. 2019-ல் வந்த லின்டன் ஹெரிடேஜை ஒருமுறை கேளுங்கள். பேஸுக்கு 8 அங்குல வூஃபர், நடு ஒலிக்கு 5 அங்குல மிட்ரேஞ்ச், 90 டெசிபல் உணர்திறன் (குறைந்த பவரிலேயே நல்ல சத்தம் வரும்). ஒன்று 18 கிலோவுக்கு மேல், தூக்கும்போது முதுகு பத்திரம்! கேலி செய்த வாய்களை மூடவைத்தது இந்தப் பெட்டிதான்.

கேள்வி: சின்ன ரூம்ல வைக்கலாமா?

பதில்: சுவரோடு ஒட்டாமல். போர்ட் (காற்று வரும் துளை) பின்பக்கம், சுவர் நெருங்கினால் பேஸ் குமுறும்.

கேள்வி: 70களின் பழைய லின்டன் ஒரு ஜோடி கிடைக்குது. எடுக்கவா?

பதில்: கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து அனுப்பும் உள் சர்க்யூட்) கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம், மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) ரெண்டும் உயிரோடு இருக்கிறதா என்று காதை வைத்துப் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.