வாசகர் கேள்வி – பதில்: பெரிய பூல்களும் பிட்காயினும்

கேள்வி: இரண்டு மைனிங் பூல்கள் (பலரின் மெஷின்கள் சேர்ந்து மைன் செய்யும் கூட்டுகள்) சேர்ந்தாலே பிட்காயினின் மொத்த ஹேஷ்ரேட்டில் (மைனிங் மெஷின்களின் கணக்கிடும் வேகம்) பாதி வந்துவிடும்போல இருக்கிறது. 51 சதவீதத்தைத் தாண்டினால் என் வாலட்டில் இருக்கும் காயின் போய்விடுமா?

பதில்: போகாது. உங்கள் வாலட்டின் ரகசியச் சாவி போடும் கையொப்பம் இல்லாமல் எவ்வளவு ஹேஷ்ரேட் வைத்திருந்தாலும் உங்கள் காயினை நகர்த்த முடியாது. இல்லாத காயினை உண்டாக்கவும் முடியாது. அப்படி ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) வந்தால் எல்லா நோடுகளும் (விதிகளைச் சரிபார்க்கும் கணினிகள்) அதைத் தள்ளிவிடும். பெரும்பான்மை வைத்திருப்பவரால் முடிவது இரண்டு காரியங்கள். தான் சற்றுமுன் செலுத்திய பணத்தை வேறு பிளாக் சங்கிலி கட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பிடிக்காத பரிவர்த்தனைகளை பிளாக்கில் ஏற்றாமல் நிறுத்திவைக்கலாம். 2018 மே மாதம் பிட்காயின் கோல்டிலும், 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் எத்தேரியம் கிளாசிக்கிலும் (இரண்டும் வேறு காயின்கள்) நடந்தது முதல் வகை. அதில் அடி வாங்குவது பெரும்பாலும் டெபாசிட்டை அவசரமாக வரவு வைக்கும் எக்ஸ்சேஞ்சுகள்.

51 என்பதை ஒரு கோடாக நினைப்பதும் தவறு. 2008-ல் வந்த பிட்காயின் வெள்ளை அறிக்கையிலேயே (அதை அறிமுகப்படுத்திய கட்டுரை) இதற்கான கணக்கு இருக்கிறது. பணத்தைத் திருப்பிக்கொள்ளும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போக வேண்டுமானால், எதிராளியிடம் 10 சதவீதம் இருக்கும்போது 5 பிளாக் காத்திருந்தால் போதும். 30 சதவீதம் இருந்தால் 24 பிளாக். 40 சதவீதம் இருந்தால் 89, அதாவது ஏறக்குறைய 15 மணி நேரம். ஆபத்து பாதியைத் தொடுவதற்கு வெகு முன்பே ஏறத் தொடங்குகிறது.

கேள்வி: ஒரு பூலின் பங்கு முந்தாநாள் 25 சதவீதம், நேற்று 32. ஒரே நாளில் இத்தனை மெஷின் எங்கிருந்து வந்தது?

பதில்: எங்கிருந்தும் வரவில்லை. ஒரு நாளைக்குச் சராசரியாக 144 பிளாக். 25 சதவீதப் பூலுக்கு அதில் 36 கிடைக்க வேண்டும். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்திலேயே அது 26-லிருந்து 46 வரை ஆடும். 46 கிடைத்த நாளில் வரைபடம் 32 சதவீதம் என்று காட்டும். ஒரு வாரக் கணக்கு, அதாவது 1008 பிளாக் எடுத்துப் பாருங்கள். ஆட்டம் 22–28க்குள் அடங்கிவிடும். 24 மணி நேர வரைபடத்தை வைத்து யாரும் பயப்பட வேண்டாம், நிம்மதியும் அடைய வேண்டாம்.

இன்னொன்று. பிளாக்கின் முதல் பரிவர்த்தனையான காயின்பேஸில் பூல் எழுதிவைக்கும் பெயரைப் பார்த்துத்தான் இந்த வரைபடங்கள் போடப்படுகின்றன. வெவ்வேறு பெயரில் இயங்கும் பல பூல்கள் ஒரே டெம்ப்ளேட்டை, அதாவது அடுத்த பிளாக்கின் வரைவை, தங்கள் மைனர்களுக்கு அனுப்புவதை 2024-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். பெயர் பத்து இருந்தாலும், பரிவர்த்தனைகளைத் தேர்ந்தெடுக்கும் கை ஒன்றாக இருக்கலாம். நாம் எண்ண வேண்டியது அந்தக் கைகளைத்தான்.

கேள்வி: மெஷின் என்னுடையது, மின்சாரம் என்னுடையது. பூலுக்கு எப்படி அதிகாரம் வருகிறது?

பதில்: பூல் உங்கள் மெஷினுக்கு என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். பூலும் மெஷினும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஸ்ட்ராட்டத்தின் முதல் பதிப்பில் ஒரு வேலைக்குள் இருப்பவை: முந்தைய பிளாக்கின் ஹேஷ் (அதன் சுருக்க எண்), காயின்பேஸின் இரு பாதிகள், மெர்கிள் கிளை (மற்றப் பரிவர்த்தனைகளைச் சுருக்கிய ஹேஷ்கள்), பதிப்பு எண், கடின அளவு, நேரம். ஏறத்தாழ 4000 பரிவர்த்தனை உள்ள பிளாக்குக்கு அந்தக் கிளையில் 12 ஹேஷ்தான். தலா 32 பைட், மொத்தம் 384 பைட். உள்ளே எந்தப் பரிவர்த்தனை இருக்கிறது, எது விடுபட்டது என்பது அந்த 384 பைட்டில் தெரியாது. முந்தைய பிளாக் செல்லுபடியானதுதானா என்பதும் தெரியாது. மெஷின் கண்ணைக் கட்டிக்கொண்டு ஹேஷ் செய்கிறது.

இதன் விளைவு 2015 ஜூலையில் வெளிப்பட்டது. சில பெரிய பூல்கள் முந்தைய பிளாக்கை முழுதாகச் சரிபார்க்காமல் அதன் தலைப்பை (ஹெடர்) மட்டும் நம்பி அடுத்ததைக் கட்டின. அது விதி மீறிய பிளாக். அதன்மேல் வரிசையாகக் கட்டப்பட்டவையும் செல்லாதவை ஆயின, அந்தப் பூல்களுக்கு ஹேஷ் செய்த மின்சாரமும் வீண்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2013 மார்ச்சில் மென்பொருளின் 0.8 பதிப்பும் பழைய பதிப்புகளும் முரண்பட்டுச் சங்கிலி இரண்டானபோது, பெரிய பூல்கள் பழைய பதிப்புக்குத் திரும்பியதால்தான் சில மணி நேரத்தில் அது ஒன்றானது. குவிந்த அதிகாரம் அன்று உதவியது. அதே அதிகாரத்தை வேறொரு நாள் யாராவது நெருக்கடி கொடுத்து வேறு காரியத்துக்குத் திருப்பலாம் என்பதுதான் எங்கள் கவலை.

கேள்வி: மெஷினுக்குப் பதில் காயினைப் பிணையாக வைத்து பிளாக் கட்டும் ஸ்டேக்கிங் முறையில் இந்தத் தொல்லை இல்லையே?

பதில்: இருக்கிறது. எத்தேரியம் 2022 செப்டம்பரில் அந்த முறைக்கு மாறியது. அங்கே லிடோ என்ற சேவை வழியாக ஸ்டேக் ஆன பங்கு 2023-ல் 30 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு ஸ்டேக் ஒத்துழைக்காவிட்டால் அங்கே பிளாக்குகள் இறுதியாவது (இனி மாற்ற முடியாதவை ஆவது) நின்றுவிடும்.

கேள்வி: சிறிய பூலுக்கு மாறினால் வருமானம் குறையுமா?

பதில்: சராசரி குறையாது, சீர் குறையும். மொத்த ஹேஷ்ரேட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் தனியாக மைன் செய்தால் ஒரு பிளாக்குக்குச் சராசரியாக 19 வருடம். அதனால்தான் பூல் தேவைப்படுகிறது. 0.1 சதவீதப் பூலுக்கு வாரம் ஒரு பிளாக் சராசரி. ஆனால் மூன்று வாரம் ஒன்றுமே கிடைக்காமல் போகும் வாய்ப்பு இருபதில் ஒன்று. பிளாக் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு ஷேருக்கும் (மெஷின் வேலை செய்ததற்கான சான்று) பணம் தரும் எஃப்பிபிஎஸ் முறையில் இந்தச் சுமையைப் பூலே ஏற்கிறது. அதற்குக் கையிருப்பு வேண்டும், கையிருப்பு உள்ள பூலே மேலும் வளரும். மாறுமுன், பழைய பூலில் குறைந்தபட்சப் பட்டுவாடா அளவை எட்டாமல் நிற்கும் பாக்கியை முதலில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பூலிலேயே இருந்துகொண்டு டெம்ப்ளேட்டை நானே கட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. ஸ்ட்ராட்டம் இரண்டாம் பதிப்பின் ஜாப் டிக்ளரேஷன், ஓஷன் பூலின் டேட்டம் இரண்டும் அதற்கானவை. முதலில் சொந்த நோடு முழுமையாகச் சிங்க் ஆகியிருக்க, அதாவது முழுச் சங்கிலியையும் இறக்கிச் சரிபார்த்திருக்க வேண்டும். வட்டில் இடம் குறைவென்றால் ப்ரூன் செய்த நோடும் போதும். அதுவும் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் பழையதை அழிக்கிறது.

பிழை வரும் இடங்கள் இவை. பழைய மெஷினுக்காக டிரான்ஸ்லேட்டர் ப்ராக்ஸியை (முதல் பதிப்பை இரண்டாம் பதிப்பாக மாற்றித் தரும் மென்பொருள்) மட்டும் நடுவில் வைத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் உண்டு. அதனால் இணைப்பு மறையாக்கம் ஆகும், டெம்ப்ளேட் இன்னும் பூலுடையதுதான். பிளாக்கின் உச்ச அளவான 40 லட்சம் எடை அலகையும் நிரப்பிவிட்டால் பூலின் பட்டுவாடாப் பதிவுகளுக்குக் காயின்பேஸில் இடம் இருக்காது. சில ஆயிரம் அலகு விட்டுவையுங்கள். நோடில் பிளாக்நோட்டிஃபை அமைக்காவிட்டால் புதிய பிளாக் வந்த செய்தி தாமதமாகும், அந்த நொடிகளின் ஷேர்கள் எல்லாம் காலாவதி.

மெஷினின் அமைப்புப் பக்கத்தில் மூன்று பூல் முகவரிகளுக்கு இடம் இருக்கும். மூன்றிலும் ஒரே பூலின் வெவ்வேறு போர்ட்டைப் போடுவது பரவலான பழக்கம். அந்தப் பூல் விழுந்தால் மூன்றும் விழும். முதலில் உங்கள் நோடு கணினியில் ஓடும் டேட்டம் அல்லது ப்ராக்ஸி, இரண்டாவதில் வேறொரு நிர்வாகத்தின் பூல், மூன்றாவதில் இன்னொன்று. பிறகு நோடின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். சில நிமிடங்களுக்குள் இரண்டாவது முகவரியில் ஷேர் ஏறத் தொடங்க வேண்டும். ஏறாவிட்டால் பயனர் பெயர் வடிவத்தைச் சரிபாருங்கள். ஒவ்வொரு பூலும் அதை வேறு மாதிரி கேட்கும்.