கீவில் ஆட்சி கவிழ்ந்தது. கிரிமியா ஏன் மூன்றே வாரத்தில் கைமாறியது?

கேள்வி: குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் படித்துவருகிறேன். 2014ஆம் ஆண்டு உக்ரைனில் ஏற்பட்ட ஆட்சிக் கவிழ்ப்பு, கிரிமியா இணைப்பு, டொன்பாஸ் போர் ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலியாக எழுதி, ரஷ்ய மொழி பேசும் மக்களின் அச்சமே காரணம் என்று முடித்திருந்தேன். மாதிரித் தேர்வில் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. எங்கே பிழை? ‘இணைப்பு’, ‘பிரிவினைப் போர்’ ஆகிய சொற்களை எப்படிக் கையாள வேண்டும்?

பதில்: நீங்கள் சொன்ன காரணம் பொய்யானதன்று, ஆனால் அது எதையும் பிரித்துக் காட்டாத காரணம். ரஷ்ய மொழி கார்கிவிலும் ஒடேசாவிலும் பரவலாகப் பேசப்பட்டது. அந்த நகரங்கள் பிரிந்துபோகவில்லை. அதே மொழி பேசப்பட்ட கிரிமியா தீபகற்பம் மூன்று வாரத்தில் ரஷ்யாவிடம் கைமாறியது. கிழக்கு உக்ரைனில் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளைக் கொண்ட டொன்பாஸோ எட்டு ஆண்டுகள் எரிந்தது. ஒரே கலகத்திலிருந்து ஏன் இத்தனை வேறுபட்ட முடிவுகள் என்பதற்கு உங்கள் விடை பதில் சொல்லியிருக்க வேண்டும்.

தொடக்கத்தைச் சுருக்கமாக எழுதினால் போதும். 2013 நவம்பர் 21 அன்று உக்ரைன் அரசு ஐரோப்பிய ஒன்றியத்துடனான உடன்பாட்டுப் பணிகளை நிறுத்திவைத்ததும் தலைநகர் கீவின் மைதான் சதுக்கத்தில் மக்கள் திரண்டனர். (நம் ‘மைதானம்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை.) 2014 பிப்ரவரி 18 முதல் 20 வரை நடந்த துப்பாக்கிச் சூடுகளில் பலர் உயிரிழந்தனர். 21ஆம் தேதி அதிபர் யானுகோவிச் எதிர்க்கட்சிகளுடன் உடன்பாடு செய்துகொண்டு, அன்றிரவே தலைநகரை விட்டு வெளியேறினார். மறுநாள் நாடாளுமன்றம் 328 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. பதவிநீக்கத்துக்கு அரசமைப்பு வகுத்திருந்த நான்கில் மூன்று பங்கு என்ற அளவு 338 வாக்குகள். அந்தப் பத்து வாக்குக் குறையைத்தான் மாஸ்கோ பின்னர், நீக்கம் சட்டப்படி செல்லாது என்ற தன் வாதத்துக்குத் துணையாகக் கொண்டது. 23ஆம் தேதி, ரஷ்ய மொழிக்கு வட்டார அளவில் இடமளித்த 2012ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்துசெய்ய அதே நாடாளுமன்றம் வாக்களித்தது. தற்காலிக அதிபர் அதில் கையெழுத்திடவில்லை என்றாலும் செய்தி பரவிவிட்டது. என் கணிப்பில், புதிய அரசு அந்த வாரத்தில் செய்த பெரும் அரசியல் பிழை இதுவே.

இனி கிரிமியாவுக்கு வருவோம். அங்கே மக்கள் மனநிலையைவிட மூன்று கட்டமைப்புகள் முக்கியமானவை. செவஸ்தபோல் துறைமுகத்தில் ரஷ்யாவின் கருங்கடல் கடற்படை ஏற்கனவே குத்தகையில் இருந்தது; 2010ஆம் ஆண்டு உடன்பாடு அந்தக் குத்தகையை 2042 வரை நீட்டித்திருந்தது. ஆகவே படைகள் எல்லையை உடைத்துக்கொண்டு வரவேண்டிய தேவை எழவில்லை. அடுத்து, கிரிமியா தன்னாட்சிக் குடியரசு என்பதால் தனக்கென நாடாளுமன்றமும் அமைச்சரவையும் கொண்டிருந்தது; கட்டடத்தைப் பிடித்தால் சட்டப்படியான தோற்றமும் சேர்ந்தே கிடைத்துவிடும். மூன்றாவதாக, அந்த நாட்களில் கீவில் உத்தரவிடும் உறுதியான கை ஒன்று இல்லை.

பிப்ரவரி 27 அதிகாலையில் அடையாளச் சின்னமற்ற சீருடையினர் சிம்ஃபெரோபோலில் அந்த நாடாளுமன்றத்தைக் கைப்பற்றினர். நூறு இடங்களில் மூன்றை மட்டுமே வைத்திருந்த கட்சியின் தலைவரான செர்கேய் அக்ஸியோனோவ் அன்றே தலைமை அமைச்சரானார். கிரிமியாவின் நிலை குறித்து மே 25 என்று அறிவிக்கப்பட்ட வாக்கெடுப்பு மார்ச் 30க்கும் பின்னர் மார்ச் 16க்கும் முன்தள்ளப்பட்டது. வாக்குச்சீட்டில் ரஷ்யாவுடன் சேர்வது, பரந்த தன்னாட்சி தந்த 1992ஆம் ஆண்டுக் கிரிமிய அரசமைப்புக்குத் திரும்புவது என்ற இரண்டே தெரிவுகள் இருந்தன. இருப்பது இருக்கட்டும் என்று சொல்ல வழியில்லை. மார்ச் 18 அன்று மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சீருடையினருக்குப் பின்னால் ரஷ்யப் படையினர் நின்றதை ஏப்ரல் 17 அன்று புதினே ஒப்புக்கொண்டார்.

டொன்பாஸில் இவற்றில் எதுவும் இல்லை. கடற்படைத் தளம் கிடையாது, தன்னாட்சி நாடாளுமன்றம் கிடையாது. ரஷ்யாவுடன் சேர விரும்பியோர், அந்த ஏப்ரலில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பின்படி, மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. ஏப்ரல் 6 அன்று டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், கார்கிவ் மூன்றிலும் அரசுக் கட்டடங்கள் கைப்பற்றப்பட்டன. கார்கிவில் மட்டும் காவல்படை ஓரிரு நாளில் அதை மீட்டுவிட்டது. உங்கள் விடையில் விடுபட்ட ஒப்பீடு இதுதான்: காவல்படை எங்கே உறுதியாகச் செயல்பட்டதோ அங்கே கலகம் அடங்கியது, எங்கே விலகி நின்றதோ அங்கே ஆயுதக் குழுக்கள் வேரூன்றின. ஏப்ரல் 12 அன்று, கிரிமியாவில் இயங்கிவிட்டு வந்த முன்னாள் ரஷ்ய உளவுத்துறை அதிகாரி இகோர் கிர்கின் தலைமையிலான குழு ஸ்லொவியான்ஸ்க் நகரைப் பிடித்தது. போரின் விசையை இழுத்தவன் தானே என்று அவரே பின்னாளில் ஒரு ரஷ்யப் பத்திரிகையிடம் சொன்னார். ஜூலை 5இல் உக்ரைன் அந்த நகரை மீட்டது. பிரிவினைப் படைகள் தோற்கும் நிலைக்கு வந்த ஆகஸ்டில் ரஷ்யாவின் முறைப்படையே டொனெட்ஸ்க் பகுதியின் இலோவைஸ்க்கில் இறங்கியது. அதன் பிறகுதான் போர்நிறுத்தத்துக்கான மின்ஸ்க் உடன்பாடுகள் வந்தன. 2022க்குள் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

சொற்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘கிரிமியா இணைந்தது’ என்று எழுதாதீர்கள். ‘ரஷ்யா இணைத்துக்கொண்டது’ என்று எழுதுங்கள். முதல் வினை, வாக்கெடுப்பு செல்லும் என்று நீங்களே தீர்ப்பளிப்பதாகிவிடும். ஐ.நா. பொதுச்சபை 2014 மார்ச் 27 அன்று 100 நாடுகளின் ஆதரவுடன் அந்த வாக்கெடுப்பு செல்லாது என்றது. எதிர்த்தவை 11, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 58, அவற்றுள் இந்தியாவும் ஒன்று. ‘பிரிவினைப் போர்’ என்பதை 2014 ஏப்ரல் மாதச் சம்பவங்களுக்குக் கூச்சமின்றிப் பயன்படுத்தலாம், அதற்குப் பிந்தைய காலத்துக்குக் கவனம் தேவை: மே 11 முதலே அந்தப் பகுதிகள் ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருந்ததாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023 ஜனவரியில் முடிவுசெய்தது.

‘ஒரே சங்கிலி’ என்ற உங்கள் சொல்லையும் சற்றே தளர்த்திக்கொள்ளுங்கள். கிரிமியா நடவடிக்கைக்காக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட பதக்கத்தில் தொடக்க நாளாகப் பொறிக்கப்பட்டிருப்பது 2014 பிப்ரவரி 20. யானுகோவிச் அன்று இன்னும் கீவில்தான் இருந்தார்.