முட்டிக்குக் கீழே காலை இழந்தவர் கணினிக் கணுக்கால் பொருத்திக்கொண்டால் இயல்பாக நடக்க முடியுமா?

கேட்டவர் தன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார். சர்க்கரையால் முட்டிக்குக் கீழே கால் எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகிறது. அமெரிக்காவில் ஒரு பெண் ரோபோ காலோடு மேடையில் ஆடும் வீடியோவைப் பார்த்துவிட்டு, இருக்கிற நிலத்தை விற்றாவது வாங்கிவிடலாமா என்கிறார்.

விற்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நானே கணினிக் கணுக்காலோடுதான் (செயற்கைப் பாதத்தின் கணுக்காலைக் கணினி கட்டுப்படுத்தும்) குன்னூரில் நடமாடுகிறேன், யார் கேட்டாலும் நல்ல பொருள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் அப்பா இருக்கும் கட்டத்தில் அவருக்குத் தேவை அது இல்லை.

முதலில் அந்த வீடியோ. ஆடியவர் ஏட்ரியன் ஹாஸ்லெட், 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் காலை இழந்த நடனக் கலைஞர். 2014இல் அவர் போட்டு ஆடிய கால், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹியூ ஹெர் குழு அந்த நடனத்துக்கென்றே செய்தது. ஹெர் 1982இல் வாஷிங்டன் மலையில் பனிப்புயலில் மாட்டி, இரண்டு கால்களையும் முட்டிக்குக் கீழே இழந்தவர். தன் கால்களைத் தானே வடிவமைத்துக்கொண்டு மறுபடி பாறை ஏறியவர். அவர் சொல்வதைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்த மேடைக் கால் கடையில் கேட்டால் கிடைக்காது.

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. இந்த வித்தியாசம் தெரியாமல் ஏஜென்டிடம் பேசப் போகாதீர்கள்.

ஒரு வகை, பாதத்தின் கோணத்தையோ இறுக்கத்தையோ மாற்றும். ஐஸ்லாந்தின் ஓஸூர் செய்யும் புரோப்ரியோவில், கால் காற்றில் இருக்கும் நேரத்தில் ஒரு சின்ன மோட்டார் பாதத்தைச் சாய்க்கும், நிமிர்த்தும். பிரிட்டனின் பிளாட்ச்ஃபோர்ட் நிறுவனம் செய்யும் எலானில் ஹைட்ராலிக் எண்ணெயின் தடையைக் கணினி கூட்டும், குறைக்கும். இரண்டுமே உங்களை முன்னால் தள்ளாது. இன்னொரு வகைதான் தள்ளும். ஹெர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்தது அது, 2017இல் அந்த நிறுவனத்தை ஜெர்மனியின் ஆட்டோபாக் வாங்கியது. எடை ஏறக்குறைய 2 கிலோ.

இந்தத் தள்ளல் ஏன் பெரிய விஷயம் என்றால், நாம் நடக்கும்போது அடி எடுத்து வைக்கும் உந்துதலில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசையுடையது. முட்டிக்குக் கீழே வெட்டினால் போவது அதுதான். கார்பன் ஃபைபர் பாதம் அழுத்தினால் வளைந்து திரும்ப நிமிரும், அவ்வளவுதான். போட்ட முதலைத் திருப்பித் தரும், வட்டி தராது. மோட்டார் வைத்த கணுக்கால் வட்டியும் சேர்த்துத் தரப் பார்க்கிறது. ஹெர்ரும் அலெனா கிராபோவ்ஸ்கி என்ற ஆய்வாளரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அதைப் போட்டு நடந்தவர்களுக்கு சாதாரணப் பாதத்தைவிட உடல் செலவழிக்கும் சக்தி சராசரியாக 8 சதவீதம் குறைந்தது, அவர்களாக விரும்பி நடக்கும் வேகம் 23 சதவீதம் கூடியது. நல்ல எண்கள்தான். ஆனால் நடந்தவர்கள் ஏழே பேர், பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் எல்லோருக்கும் அந்த லாபம் கிடைத்துவிடவில்லை.

நான் போட்டிருப்பது முதல் வகை. பைக் விபத்தில் வலது கால் போனது. பல வருடம் சாதாரணப் பாதம், அப்புறம் கார்பன் ஃபைபர், இழப்பீட்டுப் பணம் வந்த பிறகு இது.

குன்னூரில் சமதரை என்று ஒன்று கிடையாது. கணுக்கால் அசையாத பாதத்தோடு இறக்கத்தில் போனால், குதிகால் பட்டவுடன் பாதம் தரையில் படியாது. முட்டியை முன்னால் தள்ளிவிடும். ஏற்றத்தில் நேர்மாறு, பாதத்தின் முன்பகுதி இடித்து முட்டியைப் பின்பக்கம் வளைக்கும். பெட்ஃபோர்டிலிருந்து மார்க்கெட் வரை இறங்கினால் தொடை கெட்டியாகிவிடும். இப்போது சரிவு தொடங்கி ஓரிரு அடியில் பாதம் புரிந்துகொள்கிறது, உள்ளே 'ஸ்ஸ்ங்' என்று மெல்லிய சத்தம் கேட்கும், அடுத்த அடி முழுசாகப் படியும். அந்த முதல் ஓரிரு அடிதான் கவனம், கைப்பிடி இருந்தால் பிடித்துக்கொள்வேன்.

காலைத் தூக்கும்போது பெருவிரல் பக்கம் தானாக மேலே எழுவது இன்னொரு வரம். நிலைப்படி, பெயர்ந்த டைல்ஸ், மிதியடியின் ஓரம் என்று முன்பு எதில் வேண்டுமானாலும் தட்டும்.

எந்த விளம்பரத்திலும் அழுத்திச் சொல்லாத ஒன்று: செருப்பு. சாதாரணப் பாதத்தை ஒரு குறிப்பிட்ட ஷூவின் குதி உயரத்துக்கு அலைன்மென்ட் செய்வார்கள். அந்த ஷூவைக் கழற்றினால் ஆள் பின்னால் சாய்வது போலாகும். வீட்டு வாசலிலும் கோயிலிலும் செருப்பைக் கழற்றும் நமக்கு இது தினசரித் தொல்லை. என் பாதத்தில் பட்டனை அழுத்திக் குதி உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். நான் கொடுத்த காசில் பாதி இதற்கே தகும்.

குந்தி உட்காருவதற்கு மட்டும் இது உதவாது, அந்த அளவு மடங்காது. அதற்கு இன்றைக்கும் ஜெய்ப்பூர் கால்தான். 1968 வாக்கில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களை, தரையில் குந்துகிறவர்களை நினைத்து ரப்பரில் செய்தார்கள். எல்லாப் பக்கமும் வளையும், தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. என் ஸ்மார்ட் கணுக்காலோ தினமும் சார்ஜ் கேட்கும். சார்ஜ் தீர்ந்தால் விழுந்துவிட மாட்டோம், சாதாரணப் பாதம் மாதிரி நிற்கும், ஆனால் அந்த எடையைச் சும்மா சுமக்க வேண்டும். ஐப்பசி மழையில் நான் பழைய காலைத்தான் மாட்டுகிறேன். ஒருமுறை ரிப்பேர் ஆகி வெளிநாடு போன பாகம் திரும்பி வந்து சேரும் வரையும் அதுதான் துணை.

சரி, இதில் எதுவுமே நடையைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது சாக்கெட், அதாவது மிச்சமிருக்கும் காலை நுழைக்கும் கூடு.

ஸ்டம்பில் (வெட்டியது போக மிஞ்சிய காலில்) சிலிக்கோன் லைனரை, அதாவது உறையை, உருட்டி ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றால், லைனரின் அடியில் உள்ள பின் சாக்கெட்டின் பூட்டுக்குள் 'டக் டக்' என்று இறங்கும். எத்தனை டக் கேட்கிறது என்பதை வைத்தே இன்று வீங்கியிருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். மதியத்துக்கு மேல் ஸ்டம்ப் சுருங்கி லூசாகும், ஓரமாக உட்கார்ந்து கழற்றி, வியர்வையைத் துடைத்து, ஒரு சாக்ஸ் கூட ஏற்றிக்கொள்ள வேண்டும். சோம்பல்பட்டு விட்டால் சாயங்காலம் எலும்பு முனையில் தோல் உரிந்திருக்கும். அப்புறம் பாதத்தில் எந்தக் கணினி இருந்தால் என்ன, கட்டிலில்தான்.

உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகிச் சில மாதம்தான். ஸ்டம்ப் இன்னும் சுருங்கும், முதல் வருடத்திலேயே சாக்கெட்டை மாற்ற வேண்டி வரலாம். சர்க்கரையும் இருப்பதால் உணர்ச்சி குறைவாக இருக்கலாம், உரசினால்கூடத் தெரியாது. தினமும் கண்ணாடி வைத்து ஸ்டம்பின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள், இருக்கிற காலின் பாதத்தையும் சேர்த்து. பணம் இருந்தால் இப்போது நல்ல லைனருக்கும், சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கும் ப்ராஸ்தடிஸ்டுக்கும் (செயற்கைக் கால் செய்து பொருத்துபவர்), நடைப்பயிற்சிக்கும் செலவழியுங்கள். பணம் இல்லையென்றால் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, செயற்கைக் கால் அங்கேயே செய்கிறார்கள்.

மூளை நினைத்தால் அசையும் கணுக்கால் வந்துவிட்டதாமே என்றும் கேட்டிருந்தீர்கள். வெட்டும்போதே எதிரெதிர்த் தசைகளை இணைத்துத் தைக்கும் ஒரு அறுவை சிகிச்சை உண்டு, அந்தத் தசைகளின் சமிக்ஞையை வைத்து மோட்டார் கணுக்கால் அசையும். அப்படிச் செய்துகொண்ட ஏழு பேரை, வழக்கமான முறையில் கால் எடுத்த ஏழு பேரோடு எம்.ஐ.டி.யில் ஒப்பிட்டதில், இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் உச்ச நடை வேகம் 41 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2024இல் வெளியானது. உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில் நடப்பது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

விபத்தில் கால் போனவர்கள் யாராவது இதைப் படித்தால்: செயற்கைக் கால் ஆயுளுக்கும் வராது. 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில், பிற்காலத்தில் காலை மாற்றும் செலவையும் ரிப்பேர் செலவையும் இழப்பீட்டில் சேர்த்தது. வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள்.

அப்பா ஒரு வருடம் புண் இல்லாமல், பிடிமானம் இல்லாமல் நடந்துவிட்டால், அப்போதும் ஆசை இருந்தால், ட்ரையல் கேளுங்கள். ஏசி அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவைத்து அனுப்பிவிடுவார்கள், அது போதாது. வெளியே சரிவில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், செருப்போடும் செருப்பில்லாமலும். சில நாளைக்கு வீட்டுக்குத் தர முடியுமா என்றும் கேளுங்கள். சர்வீஸுக்குப் போனால் மாற்றுப் பாதம் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் விலை பேசுங்கள்.