சாம்பல் நிறப் புடவை இல்லை, என்ன செய்வது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நிறங்களைப் பற்றித்தான். பண்டிகைக் காலம் வந்தாலே இப்படி ஆகிவிடுகிறது. சரி, ஒரேயடியாகப் பார்த்துவிடலாம்.

கேள்வி: நவராத்திரிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நிறம் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிடுகிறது. என்னிடம் சாம்பல் நிறப் புடவையே கிடையாது. அன்றைக்கு வேறு நிறம் கட்டினால் பூஜையின் பலன் குறையுமா?

பதில்: குறையாது அம்மா. அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று பார்த்தாலே உங்கள் பயம் போய்விடும். 2022இலும் 2025இலும் நவராத்திரி திங்கட்கிழமை தொடங்கியது. இரண்டு வருஷமும் வந்த பட்டியல் ஒன்றேதான்: வெள்ளை, சிவப்பு, அடர்நீலம், மஞ்சள், பச்சை, சாம்பல், ஆரஞ்சு, மயில்பச்சை, ரோஸ். 2024இல் வியாழக்கிழமை தொடங்கியது, பட்டியலும் மஞ்சளில் தொடங்கியது. புரிகிறதா? நிறம் அன்றைய தேவிக்கு அல்ல, அன்றைய கிழமைக்கு. ஏழு கிழமைக்கு ஏழு நிறம் போக, மிச்சமிருக்கும் இரண்டு நாளுக்கு ரோஸ், ஊதா, மயில்பச்சை என்று எதையாவது இரண்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முதல் நாளுக்குரிய தேவி எப்போதும் சைலபுத்ரிதான் என்கிறார்கள், ஆனால் அவளுக்கு ஒரு வருஷம் வெள்ளை பிடிக்கிறது, இன்னொரு வருஷம் மஞ்சள் பிடிக்கிறது என்றால் அது அம்பாளின் விருப்பமா, காலண்டரின் விருப்பமா?

கிழமைக் கணக்கும் நவக்கிரகக் கணக்கோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. திங்களுக்கு வெள்ளை, செவ்வாய்க்குச் சிவப்பு, வியாழனுக்கு மஞ்சள் என்பது சரி. ஆனால் புதனுக்குரிய பச்சை இந்தப் பட்டியலில் வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டது, சுக்கிரனின் வெள்ளையைக் காணவே காணோம். மும்பைப் பக்கம் பிரபலமாகி அப்புறம் நம் பக்கம் வந்த வழக்கம் இது. ஆபீஸில் எல்லோரும் ஒரே நிறத்தில் வந்து போட்டோ எடுத்துக்கொள்வது சந்தோஷமான விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. நம் வீடுகளின் பழைய கணக்கு முதல் மூன்று நாள் துர்க்கை, அடுத்த மூன்று லட்சுமி, கடைசி மூன்று சரஸ்வதி. அதில் நிறம் என்று பார்த்தால் சரஸ்வதிக்கு வெண்பட்டும் வெண்தாமரையும் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறது, அதுவும் அவளுக்குத்தான், சுண்டல் வாங்க வருகிறவர்களுக்கு இல்லை.

கேள்வி: தீபாவளிக்குக் கருப்புச் சுடிதார் எடுத்துவிட்டேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஐயப்ப பக்தர்கள் மட்டும் கருப்புக் கட்டலாம், நான் கட்டக் கூடாதா?

பதில்: மாமியாரோடு வாக்குவாதம் பண்ண இந்தப் பதிலைக் காட்டாதீர்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் கருப்பு ஆகாத நிறம் என்றால் நம் சாமிகளில் பாதிப் பேரை வெளியே நிறுத்த வேண்டியிருக்கும். கருப்பசாமிக்குப் பெயரே அதுதான். கருமாரி, காளி, கிருஷ்ணன், எல்லாப் பெயரிலும் கருமை இருக்கிறது. தொல்காப்பியத்தில் முல்லைக்குத் தெய்வம் மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன். ஒருவன் கரியவன், மற்றவன் சிவந்தவன். நிறத்தைச் சொல்லித்தான் தமிழன் சாமிக்குப் பெயரே வைத்திருக்கிறான்.

ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் கருப்புக் கட்டுவதற்குச் சனீஸ்வரனைக் காரணம் சொல்வார்கள்: தன் நிறத்தை உடுத்தி விரதம் இருப்பவர்களை அவர் வருத்த மாட்டார் என்று. அது நம்பிக்கை. 41 நாள் மண்டல விரதத்தில் முதலாளியும் கூலிக்காரரும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரித் தாடியோடு ‘சாமி’ ஆகிவிடுகிறார்கள் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய காரணம், எனக்கு அது இன்னும் பிடிக்கும். நீலமும் காவியும் கட்டுகிறவர்களும் உண்டு. மராட்டியத்தில் மகர சங்கராந்திக்குக் கருப்புப் புடவையைத் தேடி வாங்கிக் கட்டுவார்கள், குளிர்காலம் என்பதால். நம் ஊரில் துக்க வீட்டோடும் சனியோடும் கருப்பு ஒட்டிக்கொண்டதால் மங்கல நாளில் ஒதுக்கிவிட்டோம், அவ்வளவுதான். எப்படியும் தீபாவளித் துணி எந்த நிறமாக இருந்தாலும் ஓரத்தில் மஞ்சள் தடவித்தானே கொடுக்கப் போகிறார்கள்? கருப்பில் அந்தப் பொட்டு இன்னும் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: அம்மனுக்குச் சிவப்புப் பூதான் சாத்த வேண்டுமா, வெள்ளை கூடாதா?

பதில்: மல்லிகை என்ன நிறம்?

கேள்வி: திருச்செந்தூரில் சிவப்பு சாத்தி, பச்சை சாத்தி என்கிறார்களே, அது என்ன? முருகனுக்கு எது உண்மையான நிறம்?

பதில்: நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆவணியிலும் மாசியிலும் அங்கே 12 நாள் திருவிழா. ஏழாம் நாள் சாயங்காலம் சண்முகர் சிவப்புப் பட்டு உடுத்தி, சிவப்பு மாலைகளோடு தங்கச் சப்பரத்தில் வருவார், அது சிவப்பு சாத்தி. அப்போது அவர் சிவன் அம்சம். சப்பரம் உங்களைத் தாண்டிப் போனதும் பின்பக்கத்தைப் பாருங்கள், அங்கே நடராஜர் கோலம் இருக்கும். எட்டாம் நாள் விடியற்காலை வெள்ளிச் சப்பரத்தில் வெள்ளைப் பட்டும் வெள்ளைப் பூக்களுமாக வெள்ளை சாத்தி, பிரம்மாவின் அம்சம். அதே நாள் பகலில் பச்சை சாத்தி, பெருமாள் அம்சம். வெயில் கொளுத்துகிற நேரத்தில் பச்சைப் பட்டும் பச்சிலை மாலையுமாகச் சப்பரம் அசைந்து வர, தெருவில் நிற்கிற கூட்டமும் பாதிக்குமேல் பச்சை வேட்டியும் பச்சைப் புடவையுமாக இருக்கும். ஒரே மூர்த்தி, ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை, மூன்று நிறம், மூன்று தெய்வம்.

இப்போது நிறத்துக்கு அர்த்தம் சொல்லும் அட்டவணையை எடுத்துவைத்துப் பாருங்கள். வெள்ளை என்றால் சிவன், திருநீறு வெள்ளை என்று போட்டிருப்பார்கள். இங்கே சிவன் சிவப்பு, தழல் நிறம். தேவாரம் பாடியவர்களும் அவரைச் செம்மேனி என்றுதான் சொன்னார்கள், நீறு மேலே பூசியது. பெருமாளை நீலம் என்போம், இங்கே பச்சை. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனைப் பார்த்து ஞாபகத்துக்குக் கொண்டுவந்ததும் பச்சை மலையைத்தான். பழைய தமிழில் கருமை, நீலம், பச்சை மூன்றும் பெருமாளிடம் ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் கிடக்கின்றன. மேகம் என்பார்கள், கடல் என்பார்கள், மரகதம் என்பார்கள். மதுரையில் மீனாட்சியும் மரகத மேனிதான். ஆகவே ‘பச்சை இதைக் குறிக்கும், சிவப்பு அதைக் குறிக்கும்’ என்று தனியாக ஒப்பிப்பதில் பிரயோஜனமில்லை. எந்தக் கோயில், எந்த நாள், எந்த வேளை என்று சேர்த்துக் கேட்டால்தான் நிறம் பதில் சொல்லும். முருகனின் உண்மையான நிறம் கேட்டீர்கள், பெயரைப் பார்த்தால் சேயோன், சிவப்பு. திருச்செந்தூர்க்காரர்களிடம் போய்க் கேட்டால் பச்சை சாத்திக்கு வா என்பார்கள்.

கேள்வி: அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் நாடு செழிக்கும் என்கிறார்கள். சிவப்பு வந்தால் நிஜமாகவே கெடுதலா?

பதில்: பெட்டிக்குள் பட்டர் கையை விட்டு, கைக்கு வருகிற பட்டை எடுத்து உடுத்துவார் என்பதும், பச்சை என்றால் செழிப்பு, சிவப்பு என்றால் கலகமும் சேதமும் என்பதும் காலங்காலமாகச் சொல்லிவருவது. இந்தச் சில வருஷங்களாகப் பச்சையிலேயே இறங்குகிறார். ஆற்றில் தண்ணீரும் வயலில் பயிரும் வேண்டும் என்று காத்திருக்கிற ஜனங்கள் தங்கக் குதிரையில் வருகிறவர் மேல் எந்த நிறத்தைப் பார்க்க ஆசைப்படுவார்கள்? ஆனால் சிவப்பே கெட்டது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சிவப்பைத்தான் மறுநாள் காலையில் குங்குமமாக இட்டுக்கொள்ளப் போகிறோம்.

கேள்வி: வெள்ளைக் கோலத்தைச் சுற்றிச் செம்மண் இடுவது ஏன்?

பதில்: வெள்ளை சிவம், சிவப்பு சக்தி என்பார்கள். கோயில் மதிலில் காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக இருப்பதற்கும் இதே விளக்கம்தான். நாமத்திலும் வெள்ளை திருமண் பெருமாள் திருவடி, நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணம் தாயார். சைவம், வைணவம் இரண்டும் இந்த ஒரு விஷயத்தில் சண்டை போடவில்லை பாருங்கள். வாசல்படியைப் பொறுத்தவரை, மாக்கோலத்துக்குச் செம்மண் கரை கட்டினால்தான் இன்று இந்த வீட்டில் விசேஷம் என்று தெருவுக்குத் தெரியும்.

கேள்வி: ஆரத்தித் தண்ணீர் சிவப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு என்ன காரணம்? கடையில் விற்கும் ஆரத்திப் பொடி போடலாமா?

பதில்: பொடி வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும். தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கரையுங்கள். மஞ்சளாகத்தான் இருக்கும். விரல் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு அதில் கலக்குங்கள், விரலைச் சுற்றி முதலில் ஒரு சிவப்பு நூல் ஓடும், இரண்டு சுற்றுக்குள் தட்டு முழுக்க ரத்தச் சிவப்பு. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு மாதிரிக் காரப்பொருள் (ஆல்கலி) பட்டால் சிவக்கும், அவ்வளவுதான் ரகசியம். குங்குமமும் இந்த மஞ்சளிலிருந்து வருவதுதான், மஞ்சளை எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிகாரம் சேர்த்துப் பக்குவம் செய்து இடிப்பார்கள். சாயம் கலந்த பொடியில் நெற்றி அரிக்கிறது என்று எழுதுகிறவர்களுக்கும் இதே பதில். கண்ணேறு பட்டதை அந்தச் சிவப்பு வாங்கிக்கொண்டு போகிறது என்பது பெரியவர்கள் சொல்வது. அதனால்தான் சுற்றியபின் வாசலில் கொட்டிவிடுகிறோம், வீட்டுக்குள் வைப்பதில்லை. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கொட்டுவதற்கு முன் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து காட்டுங்கள். சிவப்பு போய்த் திரும்பவும் மஞ்சள் வந்துவிடும். பாட்டி பார்த்தால் திட்டு விழும், அதையும் சொல்லிவிட்டேன்.