ஜமாத் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் கார்ட்டூனை அச்சிடாதீர்கள்

கேள்வி: தென்மாவட்ட நகரம் ஒன்றில் 18 ஆண்டுகளாக வாரப் பத்திரிகை நடத்துகிறேன். ஆசிரியரும் வெளியீட்டாளரும் நானே. அச்சு வேறொருவரின் ஆஃப்செட்டில். கருத்துச் சுதந்திரச் சிறப்பிதழுக்காக, பிரான்ஸின் கேலி வார இதழான சார்லி ஹெப்டோ 2006-ல் வெளியிட்ட நபிகள் கார்ட்டூன் ஒன்றை மறுபதிப்பு செய்ய முடிவெடுத்தோம். லே-அவுட் வெளியே கசிந்துவிட்டது. ஜமாத் நிர்வாகிகள் அலுவலகத்துக்கு வந்து, போட வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார்கள். நகலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு விளம்பரதாரர்கள் விலகிவிட்டார்கள், யார் யாரோ போனில் மிரட்டுகிறார்கள், நண்பர்களோ பின்வாங்கினால் கோழை என்கிறார்கள். எங்கள் தெய்வங்களைக் கேலி செய்தபோது இந்த ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. பாரிஸ் நீதிமன்றமே குற்றமில்லை என்று சொன்ன படத்தை இங்கே போட என்ன தடை? வழக்கு வந்தால் எப்படிச் சந்திப்பது?

பதில்: விளம்பரம் போனது, நண்பர்கள் பேசியது, ஊர் அன்று மௌனமாக இருந்தது ஆகிய எதையும் நீதிமன்றம் காதில் வாங்கப்போவதில்லை. உங்கள் வழக்கைத் தீர்மானிக்கக்கூடியது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரே வரிதான்: கடிதத்தின் நகலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

உங்கள் மீது பாயக்கூடிய முதல் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதா 299. இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 295ஏ தான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது. லாகூரில் ஒரு நூல் வெளியீட்டாளரை, சமூகங்களிடையே பகை வளர்ப்பதற்கான பழைய 153ஏ பிரிவில் தண்டிக்க முடியாது என்று 1927-ல் உயர் நீதிமன்றம் விடுவித்ததால் உண்டான பிரிவு அது. பதிப்பாளரை மனதில் வைத்தே எழுதப்பட்டது. மூன்று ஆண்டு வரை சிறை. போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உங்கள் உரிமையாகக் கிடைக்காது. ஆனால் மத உணர்வு புண்பட்டது என்பது மட்டும் போதாது. வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் அவமதித்திருக்க வேண்டும். 1957-ல் ராம்ஜி லால் மோதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவைச் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது இந்தச் சொற்களுக்காகத்தான். அந்த வழக்கில் தண்டனை பெற்றவரும் ஒரு மாத இதழின் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியீட்டாளர் மூன்றுமாக இருந்தவர்.

கிரிக்கெட் வீரர் தோனியை விஷ்ணுவாகச் சித்திரித்த அட்டைப்படம் நினைவிருக்கும். அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அறியாமலோ கவனக்குறைவாகவோ செய்த அவமதிப்பு இந்தப் பிரிவுக்குள் வராது என்றது. பத்திரிகையாளர்கள் எல்லோரும் இந்தத் தீர்ப்பைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அட்டைப்படம் வந்தது 2013-ல், தீர்ப்பு வந்தது 2017-ல்; இடையில் போன நான்கு ஆண்டுகள் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தீர்ப்பின் கதவு உங்களுக்கு முக்கால்வாசி மூடிவிட்டது. இந்தப் படம் எங்களைப் புண்படுத்தும், காரணம் இது, தயவுசெய்து போடாதீர்கள் என்று எழுத்தில் வந்ததை வாங்கிக்கொண்டு, தேதியோடு கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். அறியாமல் நடந்தது என்ற வாதத்தை இனி எந்த வக்கீலும் உங்களுக்காக வைக்க முடியாது.

தெரிந்து செய்ததெல்லாம் தீய நோக்கம் ஆகிவிடாது. அந்த வித்தியாசத்தை உங்கள் தரப்பு வாதிடலாம், வாதிட வேண்டும். ஆனால் நோக்கத்தை யாரும் மண்டையைத் திறந்து பார்ப்பதில்லை, சூழ்நிலையிலிருந்துதான் ஊகிக்கிறார்கள். கடிதம் வந்த பிறகு ஆசிரியர் குழுவில் யார் என்ன பேசினார்கள், வாட்ஸ்அப் குழுவில் என்ன எழுதினார்கள் என்பதுதான் அந்தச் சூழ்நிலை. உதாரணத்துக்கு, "இப்ப கண்டிப்பா போட்டே ஆகணும்" என்று ஒருவர், "இஷ்யூ பறக்கும்" என்று இன்னொருவர், கைதட்டும் படத்தோடு நீங்கள். இந்த மூன்று செய்திகள் போதும் அரசுத் தரப்புக்கு. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்றிதழோடு ஸ்கிரீன்ஷாட் கோப்பில் ஏறிவிடும். இப்போது பயந்துகொண்டு அழிக்கப் போகாதீர்கள். அழித்தது தனிக் குற்றமாகும், எதிர்முனையில் இருப்பவரின் போனில் அது அப்படியே இருக்கும். லே-அவுட்டை வெளியே விட்டவர் அந்தக் குழுவிலேயே இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள்.

பாரிஸ் தீர்ப்பு 2007-ல் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்தது. டென்மார்க்கில் 2005 செப்டம்பரில் 12 கார்ட்டூன்களை முதலில் வெளியிட்ட நாளிதழ் மீது அரசுத் தரப்பு வழக்கே தொடரவில்லை. இரண்டும் இங்கே செல்லாது. வெளிநாட்டில் வந்ததை எடுத்துப் போட்டேன் என்பது இந்தியாவில் கேடயம் ஆகாது. டேனிஷ் கார்ட்டூனை 2006 பிப்ரவரியில் மறுபதிப்பு செய்த டெல்லி இதழ் ஒன்றின் ஆசிரியர் கைதானார். லண்டன் நாளிதழ் ஒன்றின் கட்டுரையை 2009-ல் மறுபதிப்பு செய்ததற்காக கொல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆசிரியரும் வெளியீட்டாளரும் கைது செய்யப்பட்டார்கள். அது படம்கூட இல்லை, எழுத்து. உங்கள் பத்திரிகையில் அந்த இரண்டு பெயரும் ஒரே பெயர்.

தெய்வங்களைக் கேலி செய்தது பற்றிய ஆதங்கத்துக்கு ஒரு பத்தி மட்டும். 1953-ல் திருச்சியில் பெரியார் பிள்ளையார் சிலை உடைத்த வழக்கு 1958-ல் உச்ச நீதிமன்றம் போனது. எந்தப் பிரிவினரின் நம்பிக்கையாக இருந்தாலும், அது பகுத்தறிவுக்கு உகந்ததா இல்லையா என்று பார்க்காமல் நீதிமன்றம் மதிக்க வேண்டும் என்றுதான் தீர்ப்பு சொன்னது. எனவே சட்டம் ஒரு பக்கம் சாயவில்லை. இன்னொருவர் மீது வழக்கு போடவில்லை என்பது உங்கள் மீதான வழக்கை ரத்து செய்யக் காரணமும் ஆகாது.

இனி, பலரும் விழுகிற குழிக்கு வருகிறேன். அரசின் முன் அனுமதி இல்லாமல் இந்த வழக்கு நடக்காது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ்.-ன் 217-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த அனுமதி தேவைப்படுவது குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுக்கும்போதுதான். எஃப்.ஐ.ஆருக்கும் கைதுக்கும் சோதனைக்கும் போனைப் பறிமுதல் செய்வதற்கும் அனுமதி வேண்டியதில்லை. உங்களுக்கு வலிக்கப்போகும் அத்தனையும் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும்.

மும்பையில் அவத்நாமா என்ற உருது நாளிதழ் 2015 ஜனவரி 17 அன்று சார்லி ஹெப்டோவின் பழைய அட்டை ஒன்றைச் செய்தியோடு அச்சிட்டது. ஆசிரியர் ஷிரின் தல்வி, அவரும் முஸ்லிம். மறுநாளே முதல் பக்கத்தில் மன்னிப்பு வந்தது. அப்படியும் ஜனவரி 28 அன்று கைதானார். ஒன்றுக்கு மேற்பட்ட காவல் நிலையங்களில் வழக்கு, மும்பைப் பதிப்பும் நின்றுபோனது. மன்னிப்பு கேட்டால் முடிந்துவிடும் என்று உங்கள் மனதில் ஒரு மாற்றுத் திட்டம் இருந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

மூன்று ஆண்டு வரையிலான குற்றம் என்பதால் உடனே கைது செய்யக் கூடாது, முதலில் விசாரணைக்கு அழைக்கும் பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் அதே சட்டத்தின் 173(3)-ன் கீழ் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். பற்றி முடிவெடுப்பதே பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. இதை முன்ஜாமீன் மனுவில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து காவல் நிலைய வாசலில் ஐந்நூறு பேர் நிற்கும்போது, இன்ஸ்பெக்டர் 14 நாள் எடுத்துக்கொள்வார் என்று நம்பி இதழ் அச்சிட முடியாது. வெறுப்புப் பேச்சில் புகாருக்குக் காத்திருக்காமல் வழக்கு பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும் அவர் மேசையில் இருக்கிறது.

முன்ஜாமீன் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கிடைக்கலாம். வழக்கமான நிபந்தனை இரண்டு ஜாமீன்தாரர்களும், மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்தும். உங்கள் பத்திரிகை லே-அவுட் முடிக்கும் நாளிலும் 10.30-க்கு நீங்கள் ஸ்டேஷன் பெஞ்சில்தான் இருப்பீர்கள்.

இ-பேப்பர் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போட்டால், நாட்டின் எந்த ஊரிலும் ஒருவர் அதைப் பார்த்து அங்கேயே புகார் கொடுக்கலாம். தொலைக்காட்சி நெறியாளர் அமிஷ் தேவ்கன் 2020-ல் ஒரு சூஃபி ஞானியைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பல மாநிலங்களில் வழக்கு வந்தது. வாய் தவறியது என்று மன்னிப்பும் கேட்டார். உச்ச நீதிமன்றம் எல்லா வழக்கையும் அஜ்மீருக்கு மாற்றியது, ரத்து செய்ய மறுத்தது. வழக்குகளை ஒன்றாக்கவே டெல்லி போக வேண்டும். ஒரு வாரப் பத்திரிகையின் வருமானம் அதைத் தாங்காது.

அச்சகக்காரரை நீங்கள் மறந்தே போய்விட்டீர்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் அவர் பெயரும் இருக்கிறது. முதல் நாள் போலீஸ் போகும் இடம் அச்சகம்தான். பிளேட், மிச்சப் பிரதிகள், கம்ப்யூட்டர் எல்லாம் போகும். அவர் பிழைப்பு உங்கள் இதழ் மட்டும் இல்லை, கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் சேர்ந்ததுதான். அவரிடம் படத்தைக் காட்டினீர்களா? காட்டாமல் அச்சடிக்கக் கொடுத்தால் அவர் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி ஆவார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதுபோக பி.என்.எஸ்.எஸ். 98-ன் கீழ் மாநில அரசு இதழையே பறிமுதல் என்று அறிவிக்கலாம். அரசிதழில் வந்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்வு முன் 99-ன் கீழ் மனு போட வேண்டும். ஜாமீனுக்கு அலைகிறவர்கள் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான்.

எனவே படத்தைப் போடாதீர்கள். இந்த வழக்கில் கடைசியில் நீங்கள் ஜெயிக்கக்கூடும் என்றுகூட நினைக்கிறேன். பழைய 153ஏ-வின் இடத்தில் வந்த நியாய சன்ஹிதா 196-வது பிரிவையும் போலீஸ் சேர்த்தால், இரு சமூகங்களை மோத விடும் நோக்கம் எங்கே என்று கேட்கலாம். மன்சர் சயீத் கான் வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம், அந்த நோக்கம்தான் குற்றத்தின் உயிர், கட்டுரையை முழுதாகப் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்த வெற்றி வரும்போது பத்திரிகை இருக்காது. கருத்துச் சுதந்திரத்தின் மீது எனக்கும் அக்கறை உண்டு. அதனால்தான் சொல்கிறேன், கட்டுரை வரட்டும். படத்தில் என்ன இருந்தது, எந்தத் தேதியில் வந்தது, பாரிஸ் நீதிமன்றம் ஏன் விடுவித்தது, முஸ்லிம்கள் ஏன் காயப்பட்டார்கள் என்பதை எழுத்தில் எழுதுங்கள். நிதானமாக எழுதிய விமர்சனத்தை நீதிமன்றங்கள் பெரும்பாலும் காப்பாற்றுகின்றன. படத்துக்கு அந்த நிதானம் கிடையாது. அடுத்த ஊர்க்காரர் செல்போனில் பார்ப்பது கட்டுரையை வெட்டிவிட்ட படத்தைத்தான்.

ஜமாத்தோடு சமரசம் இப்போதுதான் சாத்தியம். இந்தக் குற்றங்கள் சமரசத்துக்கு உட்பட்டவை இல்லை. எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு புகார்தாரரே உங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தாலும் வழக்கு தானாக முடியாது; பொது அமைதி சம்பந்தப்பட்டது என்று உயர் நீதிமன்றமும் ரத்து செய்யத் தயங்கும். அவர்கள் கும்பலாக வரவில்லை, கல்லெறியவில்லை, எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை மிரட்டல் என்று எங்கேயும் எழுதாதீர்கள், பேசாதீர்கள். போன் மிரட்டல் வேறு விஷயம். எண்ணும் நேரமும் குறித்து, பதிவு இருந்தால் சேர்த்து, காவல் நிலையத்தில் தனிப் புகாராகக் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

கடிதத்துக்குப் பதில் இன்றே போக வேண்டும், ஸ்பீடு போஸ்டில், மூன்று வரிக்கு மேல் வேண்டாம்: உங்கள் கடிதம் கிடைத்தது, குறிப்பிட்ட படம் எங்கள் இதழிலும் இணையத்திலும் இடம்பெறாது, அந்தப் பொருள் பற்றிய கட்டுரை வெளியாகும், அதற்கு உங்கள் தரப்பு விளக்கத்தை 300 சொற்களுக்குள் தந்தால் அதே இதழில் வெளியிடுவோம். மன்னிப்பு என்ற சொல்லைப் போடாதீர்கள், நீங்கள் இன்னும் எதையும் செய்யவில்லை. படத்தை நிறுத்தியதற்கான வீரத் தலையங்கமும் வேண்டாம். "புண்படுவார்கள் என்று தெரிந்தும் போட நினைத்தோம்" என்று அதில் ஒரு வரி வந்துவிட்டால், அடுத்த வருடம் வேறெந்த வழக்கிலும் அந்த வரி முன்னே வந்து நிற்கும்.

பக்கம் ஏற்கெனவே பிளேட் ஆகியிருந்தால் அந்தப் பிளேட்டை அச்சகக்காரர் முன்னிலையில் மாற்றுங்கள், மாற்றியதற்கு அவரிடம் ஒரு ரசீது வாங்குங்கள். சோதனைப் பிரதிகள் ஏஜென்ட் கைக்கோ அலுவலகத்துக்கு வெளியேயோ போயிருந்தால், எத்தனை, யாரிடம் என்று எழுதி, திரும்ப வாங்கிய பிறகு என்னிடம் வாருங்கள்.