மாரிஸ் மைனரா, ஃபியட் 1100-ஆ? கேள்வி பதில்

பழைய கார் வாங்க நினைப்பவர்கள் இங்கிலாந்தின் மாரிஸ் மைனர், இத்தாலியின் ஃபியட் 1100 இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கே: இரண்டில் எது மூத்தது சார்?
மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. டான்டே ஜியாகோசா உருவாக்கிய ஃபியட் 1100/103 வந்தது 1953-இல்.

கே: மைனரின் பானெட் நடுவே தட்டையாக ஒரு பட்டை ஓடுகிறதே, அழகுக்காகவா?
இல்லை தம்பி. தயாரிப்பு தொடங்கும் நேரத்தில் கார் ஒடுக்கமாக இருப்பதாக இசிகோனிஸுக்குப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்கே இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். பம்பர்கள் அதற்குள் செய்தாகிவிட்டதால் ஆரம்பகாலக் கார்களில் அவற்றையும் வெட்டி நடுவில் துண்டு சேர்த்தார்கள். கடைசி நிமிடத்தில் அப்படி ஒரு முடிவெடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கே: அண்ணா, ஓட்ட எது சுகம்?
வளைவுகளில் மைனர்தான். ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங் (பல் சக்கரம் பல் தண்டை நேராக நகர்த்தும் அமைப்பு), முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி). திருப்பினால் சொன்ன இடத்துக்குப் போகும். எஞ்சின் என்று வந்தால் என் ஓட்டு ஃபியட்டுக்கு. தொடக்கத்திலேயே 1089 சிசி, ஓவர்ஹெட் வால்வு (வால்வுகள் சிலிண்டருக்கு மேலே). அந்தக் காலத்து மைனருக்கு இருந்ததோ 918 சிசி சைடு வால்வு (வால்வுகள் பக்கவாட்டில், பழைய பாணி), அப்புறம் 803 சிசி. மேட்டில் இந்த இரண்டு எஞ்சினுமே திணறும். 1956-இல் 948 சிசி, 1962-இல் 1098 சிசி வந்த பிறகுதான் மைனர் சரிக்குச் சரி நின்றது.

கே: பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
எஞ்சினை விடுங்கள், அதைச் சரிசெய்துவிடலாம். இரண்டுக்கும் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது; பாடிதான் முதுகெலும்பு. மைனரில் கதவுக்குக் கீழுள்ள பகுதி, பின் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) மாட்டும் இடம், அடியில் உள்ள குறுக்குச் சட்டம் மூன்றிலும் துரு பாருங்கள். கையில் ஒரு காந்தம் இருக்கட்டும், தடிமனாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. முன்சக்கரத்தின் கீழ் ட்ரன்னியனுக்கு (சக்கரம் திரும்ப உதவும் மரையுள்ள மூட்டு) கிரீஸ் வைக்காமல் ஓட்டியிருந்தால் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். ஃபியட்டில் ஹெட் (எஞ்சினின் மேல் மூடிப் பகுதி) அலுமினியம். வண்டி சூடேறிய வரலாறு உண்டா என்று கேளுங்கள், ஹெட் வளைந்திருக்கலாம்.

கே: ஸ்பேர் கிடைக்குமா?
மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. 16 லட்சத்துக்கு மேல் செய்த கார் அல்லவா! ஃபியட்டுக்கு நம் ஊர் துணை உண்டு: பம்பாய் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி, ஃபியட்டின் 1100டி மாடல் வழி வந்தது. ஆனால் 1953 மாடலின் பாடித் தகடுகளுக்கு அதை நம்ப வேண்டாம்.

கே: முதல் பழைய கார், நானே வேலை பார்க்க ஆசை. எதை வாங்கட்டும் ஐயா?
948 அல்லது 1098 சிசி மைனர். பானெட்டுக்குள் கை நுழைய தாராளமாக இடம் உண்டு. ஒரே தொல்லை பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது); ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கும். வாங்கியதும் அதைக் கழற்றிப் பாருங்கள், பெயின்ட் வேலை அப்புறம்.